குடியையும் ஐஸையும் விட வருகிறவர்களுக்கு ஆலயத்தில் துணைக்குழு: எங்கிருந்து தொடங்குவது?

உப்புவெளிக்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை நகரை ஒட்டின ஒரு கத்தோலிக்கப் பங்கின் இளைஞர் மன்றமும் பக்கத்து மெதடிஸ்த சபையும் சேர்ந்து, போதையை விட விரும்புகிறவர்களுக்கு வாரம் ஒரு கூட்டம் தொடங்கப் பார்க்கிறோம். இதுவரை தாங்களாகவே வந்து கேட்டவர்கள் ஆறு பேர். நாலு பேர் கடற்தொழிலாளிகள், நாளாந்தம் குடிக்கிறவர்கள். மற்ற இரண்டு பேரும் இருபதைத் தாண்டாத பொடியன்கள், ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின் போதைப்பொருளைப் பாவிக்கிறார்கள்.

செயற்குழுவில் பெரியவர்கள் சிலர் சொல்வது இது: ஆறு பேரையும் வெள்ளி மாலை மிஷன் வீட்டுக்குக் கூட்டிவந்து, கேற்றைப் பூட்டி, ஞாயிறு வரை மூன்று நாள் உபவாச ஜெபம் வைப்பது. ஞாயிறு ஆராதனையில் அவர்கள் பீடத்துக்கு முன்னால் சத்தியம் செய்து சாட்சி சொல்வது. அதற்குப் பிறகு வாரக் கூட்டம். இளம் ஆட்கள் சிலருக்கு இதில் பயம் இருக்கிறது. ஆனால் "விசுவாசம் இல்லாத பேச்சு" என்று சொல்லிவிடுவார்களோ என்று வாய் திறக்கவில்லை.

இந்த முறை சரியா? வாரக் கூட்டத்தை எப்படி நடத்துவது? வீட்டாருக்கு என்ன சொல்வது? கேட்டு வந்த ஆறு பேரில் ஒருவர் சைவம், ஒருவர் முஸ்லிம் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள். அனுபவக் கதைகளைவிட, செய்யக்கூடிய விஷயமாகச் சொன்னால் செயற்குழுவில் அப்படியே வாசித்துக் காட்டலாம்.

---

உளநலத் தாதி பதில்:

முதல் கேள்விக்குத்தான் விரிவாக எழுதுகிறேன். உயிர் போகிற விஷயம் அதில்தான் இருக்கிறது.

நாளாந்தம் குடிக்கிறவரை ஒரேயடியாக நிறுத்தி, சாப்பாடும் கொடுக்காமல் மூன்று நாள் பூட்டி வைக்கவே கூடாது. ஹெரோயினை நிறுத்தினவர் படுகிற பாடு பார்க்கச் சகிக்காது. என்றாலும் தண்ணீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் சுகதேகியான ஒருவர் அதனால் சாவது அரிது. குடியை நிறுத்துவது அப்படியல்ல. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும்: எங்கே இருக்கிறார் என்று தெரியாது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், உடம்பு கொதிக்கும், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று ஓடப் பார்ப்பார். உங்கள் மூன்று நாள் உபவாசம் சரியாக இந்த நேரத்தின் மேல்தான் விழுகிறது. அசுத்த ஆவி அலறுகிறது என்று நினைத்து நாலு பேர் பிடித்து அமுக்கிக்கொண்டு ஜெபித்தால், அந்த மனிதருக்கு ஆஸ்பத்திரி கிடைக்கவேண்டிய மணித்தியாலங்கள் வீணாகப் போய்விடும். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் ஆள் செத்துப்போகலாம்.

உபவாசம் இன்னொரு பக்கத்தாலும் கெடுதி. வருடக்கணக்காகக் குடிப்பவருக்கு உடம்பில் தயமின், அதாவது விற்றமின் பி1, மிகக் குறைவாக இருக்கும். சாப்பாடும் நின்றால் மூளை பாதிக்கப்படலாம். தடுமாறின நடை, கண் ஆடுவது, குழம்பின பேச்சு என்ற மூன்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன்னால் பி1 ஊசி போடுவதும் இதற்காகத்தான். "சேலைன் ஒன்று ஏற்றினால் தெளிந்துவிடுவார்" என்று தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறவர்கள், அவர் எவ்வளவு காலமாகக் குடிக்கிறார் என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

ஆகவே நிறுத்துவதற்கு முன்னாலேயே ஆளுக்கு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு என்ன, எவ்வளவு? விடிய எழும்பியதும் நடுக்கத்தை நிற்பாட்டக் குடிக்கிறாரா? முன்பு விட்டபோது வலிப்பு வந்ததா, இல்லாததைக் கண்டாரா? இரத்த வாந்தி, மஞ்சள் கண், வயிற்று வீக்கம் உண்டா? வேறு மாத்திரை ஏதும் போடுகிறாரா? கடைசிக் கேள்விக்கு வெட்கப்பட்டு மறைப்பார்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரெகாபலின் மாத்திரையைப் போதைக்குப் போடுகிற ஆட்கள் இப்போது நிறைய. அதையும் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். காலை நடுக்கம், முந்தைய வலிப்பு, இந்த மாத்திரை இவற்றில் ஒன்றிருந்தாலும் அவர் வீட்டிலோ மிஷன் வீட்டிலோ விடவேண்டிய ஆள் இல்லை. வார்டில்தான் விடவேண்டும்.

அளவு கேட்கும்போது "பியர் மட்டும்தான்" என்ற பதிலை அப்படியே எடுக்காதீர்கள். போத்தலின் மில்லிலீற்றரை அதில் போட்டிருக்கிற வீதத்தால் பெருக்கி, நூறால் பிரித்து, 0.8ஆல் பெருக்கினால் அதிலுள்ள மதுசாரம் கிராமில் வரும். 33 வீதச் சாராயத்தில் அரைப் போத்தல், 375 மில்லி, ஏறக்குறைய 100 கிராம். 8 வீதக் கடும் பியர் 625 மில்லிப் போத்தல் ஒன்று 40 கிராம். மூன்று பியர் குடிக்கிறவர் அரைச் சாராயத்தைத் தாண்டிவிட்டார். களவாகக் காய்ச்சுகிற கசிப்புக்கு லேபல் இல்லை, ஆகவே கணக்கும் இல்லை. அதைக் கூடியது என்றே எடுங்கள்.

எங்கே போவது? திருகோணமலை பொது வைத்தியசாலை உளநலப் பிரிவின் கிளினிக்குக்குப் போகலாம். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்து ஆட்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் விசாரிக்கலாம். கடிதம் இல்லாவிட்டாலும் வெளிநோயாளர் பிரிவில் "குடியை விட வந்திருக்கிறேன்" என்று சொன்னால் வழிகாட்டுவார்கள். குழுவிலிருந்து ஒருவர் கூடப் போங்கள். அந்த வரிசையில் தனியே நிற்கிற ஆள் பாதியில் திரும்பிவிடுவார். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, தேசிய உளநல இலக்கம் 1926, அம்புலன்ஸுக்கு 1990. அந்தச் சபையின் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் கிழக்கில் இல்லை. தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ என்று தூரத்தில் இருக்கின்றன. அனுப்புவதென்றால் தமிழில் உளவளத்துணை கிடைக்குமா என்று முதலே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மொழி புரியாமல் ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு வருவதில் பலன் குறைவு.

இன்னொன்று. வீட்டார் சோற்றிலோ தேநீரிலோ களவாகக் கலக்கிற "குடி மறக்கும் மாத்திரை". அது பெரும்பாலும் டைசல்பிராம். அதைப் போட்டிருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, இரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவர் செத்துப்போகலாம். கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணித்தியாலம் விட்டே தொடங்கவேண்டும், நிறுத்தின பின்னும் இரண்டு கிழமை வரை உடம்பில் வேலை செய்யும். தெரிந்து, சம்மதித்து, வைத்தியர் எழுதிக் கொடுத்துப் போடுகிறவருக்கு அது நல்ல மருந்து. களவாகக் கொடுப்பது நஞ்சு வைப்பதற்குச் சமம்.

---

மூதூர் மறையாசிரியர் பதில்:

தாதி எழுதினதைச் செயற்குழுவில் வாசியுங்கள். "விசுவாசம் இல்லாத பேச்சு" என்ற குற்றச்சாட்டு வந்தால் வேதத்தைத் திறந்து 2 இராஜாக்கள் 20ஆம் அதிகாரத்தை எடுங்கள். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறார், அழுது ஜெபிக்கிறார், கர்த்தர் கேட்டேன் என்கிறார், பதினைந்து வருடம் கூட்டிக் கொடுக்கிறார். அதற்குப் பிறகு ஏசாயா தீர்க்கதரிசி என்ன செய்தார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பிளவையின் மேல் பற்றுப் போட்டார்கள், அவர் பிழைத்தார். ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் மருந்து போடப்பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஓட்டோவுக்குள் ஜெபியுங்கள், வார்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஜெபியுங்கள். உபவாசம் இருக்க விரும்புகிற பெரியவர்கள் தாராளமாக இருக்கட்டும். சுகதேகிகளான அவர்கள் இருக்கவேண்டும், நடுங்குகிற மனிதர் சாப்பிடவேண்டும்.

கேற்றைப் பூட்டுவதும் வேண்டாம். பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு வருடம் கிடந்தவனிடமே இயேசு, "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா" என்று கேட்டார். பதிலை அவன் வாயிலிருந்து எதிர்பார்த்தார்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஞாயிற்றுச் சாட்சியைப் பற்றி. மூன்றாம் நாள் ஒருவரை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தி "விடுதலை பெற்றேன்" என்று சொல்லவைப்பது, நல்ல மனதோடு செய்யப்படுகிற பெரிய கொடுமை. முதல் மாதங்களில் மறுபடி வழுக்குவது மிகச் சாதாரணம். ஊர் முழுக்கக் கேட்கச் சாட்சி சொன்னவர் வழுக்கினால் எந்த முகத்தோடு ஆலயப் படி ஏறுவார்? குடித்ததால் விலகுகிறதைவிட, சாட்சி சொல்லிவிட்டுக் குடித்த வெட்கத்தால் விலகுகிறவர்கள் அதிகம். பீடத்தில் செய்கிற சத்தியமும் அப்படியே. சத்தியத்தை மீறினதும் அவர் மனதில் குடி என்ற நோயோடு தேவதுரோகம் என்ற பாரமும் ஏறிக்கொள்கிறது. அந்தப் பாரத்தை இறக்கவும் அவருக்குத் தெரிந்த வழி போத்தல்தான். குறைந்தது ஒரு வருடம் போகட்டும். அதற்குப் பிறகும் அவராகக் கேட்டால் மட்டும். "இன்றைக்கு மட்டும்" என்பதற்கு மேல் எந்த வாக்குறுதியும் வாங்காதீர்கள்.

லாசருவின் கல்லறையில் உயிர் கொடுத்தவர் ஆண்டவர். பிரேதச் சீலைகளால் கட்டுண்டு வெளியே வந்தவனை "கட்டவிழ்த்துவிடுங்கள்" என்று சுற்றி நின்றவர்களுக்குத்தான் சொன்னார். உங்கள் குழுவின் வேலை இந்த இரண்டாவது வேலை. அது மெதுவான வேலை. முடிச்சு முடிச்சாக அவிழ்க்கவேண்டும்.

இப்போது வாரக் கூட்டம். மதுவிலிருந்து மீள்கிறவர்கள் ஒருவரை ஒருவர் தாங்குகிற பன்னிரண்டு படி முறை 1935இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், அக்ரன் என்ற நகரில், ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும் சந்தித்ததில் தொடங்கியது. இரண்டு பேருமே குடியில் விழுந்தவர்கள். அது பிறந்த சூழல் ஒரு கிறிஸ்தவ ஐக்கியம். தொடக்க நாட்களில் அவர்கள் யாக்கோபு நிருபத்தையும் மலைப்பிரசங்கத்தையும் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். ஐந்தாம் படியில் தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது இருக்கிறதே, அதை யாக்கோபு 5:16இல் காணலாம்: "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்." 1991இல் கலிபோர்னியாவின் ஒரு சபையில் இதையே மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்களோடு இணைத்து எட்டுக் கோட்பாடுகளாக்கினார்கள். எதை எடுத்தாலும் சரி. கூட்டத்தின் ஒழுங்கில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆறு முதல் பத்துப் பேர். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகவேண்டாம். கதிரைகள் வட்டமாக, மேசை, மேடை, ஒலிவாங்கி எதுவும் வேண்டாம். நடத்துகிறவர் இரண்டு பேர். ஒருவர் வெளியே போகவேண்டி வந்தால் மற்றவர் இருப்பார். வந்ததும் சீனி போட்ட தேநீரும் கடிக்க ஏதாவதும் கொடுங்கள், வெறும் வயிறு ஆசையைக் கூட்டும். ஒரு வேதப்பகுதி, ஐந்து நிமிடத்துக்குள். பிறகு ஆளுக்கு நாலைந்து நிமிடம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, "என்னிலும் பார்க்க நீ பரவாயில்லை" என்று ஒப்பிடக் கூடாது. பேச விரும்பாதவர் "கடத்துங்கள்" என்று சொல்லலாம். முடிவில் அடுத்த ஏழு நாளில் எது கஷ்டமான நாள், அன்றைக்கு யாருக்குப் போன் எடுப்பார் என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். இதை மட்டும் விடாதீர்கள்.

போதகர்கள் பிரசங்கம் செய்யத் தொடங்கினால் இது இன்னொரு ஆராதனையாகிவிடும், ஆட்கள் குறைவார்கள். போதகரோ பாதரோ வரலாம். வந்தால் வட்டத்தில் ஒரு கதிரை.

குடித்துவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அன்றைக்குப் பேசவும் வேண்டாம். ஓரத்தில் இருக்கட்டும், தேநீர் குடிக்கட்டும், ஒருவர் வீடு வரை கொண்டுபோய் விடட்டும். மோட்டார் சைக்கிள் திறப்பை வாங்கி வையுங்கள். சத்தம் போடுகிறவரை மட்டும் வெளியே கூட்டிப்போங்கள்.

அறிவித்தல் பலகையில் "குடிகாரர் கூட்டம்" என்று எழுதிவிடாதீர்கள். பொதுவான ஒரு பெயர் வையுங்கள், வீதியைப் பார்த்த மண்டபத்தில் வைக்காதீர்கள்.

சைவ, முஸ்லிம் சகோதரர்களைப் பற்றி: வாசலிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். "இது கிறிஸ்தவர்கள் நடத்துகிற குழு, இங்கே வேதம் வாசிப்போம், கடைசியில் ஜெபிப்போம், விரும்பாதவர்கள் அந்த நேரம் எழும்பிப் போகலாம், யாரையும் மதம் மாறச் சொல்லமாட்டோம்." சொன்னதைக் காப்பாற்றுங்கள். ஒருவருக்காக ஜெபிக்கமுன் அவரிடம் கேளுங்கள். இயேசு சுகமாக்கின பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் திரும்பி வந்து நன்றி சொல்லவில்லை, அவர்களுடைய சுகம் திரும்ப எடுக்கப்படவும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் மூன்று மதத்தவரும் ஒரே கடையில் தேநீர் குடித்து வாழ்கிறோம். பலவீனத்தில் இருக்கிற மனிதரை மதத்துக்கு இழுக்கிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால், அந்த வீட்டார் அவரை உங்களிடம் மட்டுமல்ல, உங்களோடு வருவதென்றால் ஆஸ்பத்திரிக்கும் விடமாட்டார்கள். அவர் தன் பள்ளிவாசலிலோ கோயிலிலோ பலம் தேட விரும்பினால் அதற்கும் தோள் கொடுங்கள்.

---

வீட்டுப்பக்கம் பதில்:

தம்பி, மனைவிமாரையும் தாய்மாரையும் பற்றி ஒருத்தரும் இன்னும் சரியாச் சொல்லேல்ல, அதால எழுதுறன்.

அவையளுக்குத் தனிக் கூட்டம் வைக்கவேணும். அதே நேரம், வேற அறை. நடத்துறது பெண்களா இருக்கவேணும். குடிக்கிறவர் வராட்டிலும் மனைவி வரலாம், அதை முதலே சொல்லிவிடுங்கோ. கன பேர் "அவர் வந்தாத்தான் நான் வரலாம்" எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டிலேயே இருந்திடுவினம். குடிக்கிறவர்களின்ர குடும்பத்தாருக்கான உலகளாவிய துணைக்குழு 1951இல தனியா உருவானதுக்குக் காரணமும் இதுதான். அங்க முதலில சொல்லிக் கொடுக்கிறது மூண்டு விஷயம்: இதுக்கு நீ காரணம் இல்லை, உன்னால இதைக் கட்டுப்படுத்த ஏலாது, உன்னால இதைச் சுகப்படுத்தவும் ஏலாது. "உன்ர ஜெபம் காணாது, அதான் அவன் குடிக்கிறான்" எண்டு ஒரு பெண்ணிட்டச் சொல்லுறவை அந்த அறைக்குள்ள வரக்கூடாது.

நடைமுறைக்கு வாறன். ஒளிச்சு வைச்ச போத்தலைத் தேடி ஊத்துறது வேண்டாம். நாளாந்தம் குடிக்கிறவருக்குத் திடீரெண்டு நிண்டால் என்ன நடக்கும் எண்டு தாதி மேல எழுதியிருக்கிறா. வெறியில இருக்கேக்க வாக்குவாதம் வேண்டாம், விடிய, அவர் தெளிஞ்ச பிறகு, சுருக்கமா, ஒரு விஷயம் மட்டும். வேலைக்குப் போகாததுக்கு "காய்ச்சல்" எண்டு முதலாளிக்குப் பொய் சொல்லிக் கொடுக்காதேங்கோ. கசிப்புக் கடனை நகை அடகு வைச்சுக் கட்டாதேங்கோ. பிள்ளையளின்ர சாப்பாடு, பள்ளிக்கூடச் செலவு, கரண்ட் பில் வேற. அதுக்கு ஆலயம் உதவி செய்யிறதெண்டால் காசாக் கொடுக்காமல் அரிசி, மா எண்டு பொருளாக் கொடுங்கோ, பில்லைக் கட்டி ரசீதைக் கொடுங்கோ.

வெறியில மயங்கிக் கிடக்கிறவருக்குத் தேசிக்காய்த் தண்ணி, புளித்தண்ணி, மோர் எண்டு வாயில ஊத்துறதைக் கட்டாயம் நிப்பாட்டவேணும். அது நுரையீரலுக்க போய்ச் சேரும். ஒருபக்கமாச் சரிச்சுப் படுக்கவைச்சு, மூச்சைப் பாத்துக்கொண்டிருங்கோ. எழுப்பி எழும்பாட்டில், உதடு நீலமெண்டால், 1990.

அடி உதை நடக்கிற வீடெண்டால் பொறுமை, மன்னிப்பு எண்டு பிரசங்கம் வேண்டாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளையளுக்கு 1929. பிரதேச செயலகத்தில உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறா, இலவசம். மன்னிக்கிறது அவள் முடிவு. பாதுகாப்பு முதல். அவர் குடியை விட்டு மூண்டு மாசத்தில "நான் திருந்திட்டன், இன்னும் ஏன் முகம் குடுக்கேல்ல" எண்டு மனைவியில கோவிப்பார், இது அநேகமா எல்லா வீட்டிலயும் வரும். அவளுக்கும் ஆற நேரம் வேணும் எண்டதை ஆம்பிளையளின்ர கூட்டத்திலயும் முன்கூட்டியே சொல்லி வையுங்கோ.

---

உப்புவெளிக்கரை:

எல்லாருக்கும் மிகுந்த நன்றி. மூன்று நாள் திட்டத்தைக் கைவிடச் சொல்லப் போதுமான விஷயம் கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு கேள்வி. ஐஸ் பாவிக்கிற பொடியன்களை இதே வட்டத்தில் இருத்தலாமா? அவர்களில் ஒருவர் ஒரு சின்னப் பைக்கற்றைக் கொண்டுவந்து "இதை நீங்க வைச்சிருங்க, என்னட்ட இருந்தா பாவிச்சிடுவன்" என்று சொன்னால் என்ன செய்வது? மற்றது, கூட்டத்துக்கு எந்த நாள், எந்த நேரம் நல்லது?

---

உளநலத் தாதி பதில்:

பைக்கற்றை வாங்கவே வேண்டாம். கையால் தொடவும் வேண்டாம். நல்ல மனதோடு வைத்திருந்தீர்களா என்று சட்டம் பார்க்காது, யாரிடம் இருந்தது என்றுதான் பார்க்கும். ஆலய அலுமாரியில் இருந்து எடுபட்டால் குழுவே முடிந்தது. "உன் கையாலேயே கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்று" என்று சொல்லிக் கதவுக்கு வெளியே நில்லுங்கள். விற்கிறவருடைய இலக்கத்தைப் போனிலிருந்து அழிப்பதும் அப்போதே நடக்கட்டும். முடிந்தால் சிம்மையே மாற்றட்டும்.

ஐஸை விடுவது வேறுவிதமாக இருக்கும். அதற்கென்று மாற்று மருந்து இல்லை. நிறுத்தினதும் முதல் சில நாள் செத்தவர்போல் தூங்குவார், எழும்பினால் அகோரப் பசி. இந்த நேரத்தில் ஆலோசனை, வேதபாடம் எதுவும் தலையில் ஏறாது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்தபோது தூதன் இரண்டு முறை சாப்பாடு கொடுத்துத் தூங்கவிட்டான், பேச்செல்லாம் பிறகுதான். அப்படியே செய்யுங்கள். ஆனால் தூக்கம் முடிந்து வருகிற கிழமைகள்தான் ஆபத்து: எதிலும் சந்தோசம் இராது, மனம் அடியில் கிடக்கும், தற்கொலை எண்ணம் வரலாம். "செத்துப்போகவேண்டும் போல இருக்கிறதா" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. ஆம் என்றால் அன்றைக்கே உளநலப் பிரிவுக்கு. இது நீங்கள் காக்கக்கூடாத இரகசியம். குழு தொடங்கும் நாளிலேயே இந்த விதிவிலக்கை எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். குருவானவரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தின் மீறக்கூடாத இரகசியம் வேறு, உங்கள் வட்டத்தின் இரகசியம் வேறு.

சந்தேகம், யாரோ பின்தொடர்கிறார்கள், சுவருக்குள் குரல் கேட்கிறது என்றால் வாதாடாதீர்கள், பிடிக்காதீர்கள். வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில், வாசலை மறிக்காமல் நின்று, மெதுவாகப் பேசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஒரே வட்டமா என்று கேட்டால், முதலில் வேறாக வைப்பதே நல்லது. இருபது வயதுப் பொடியனுக்கு ஐம்பது வயதுக் குடிகாரரின் கதை தன்னுடையதாகப் படாது. வீட்டு வேலை, கிரிக்கெட், மோட்டார் திருத்துகிற வேலை என்று கையும் உடம்பும் ஓடுகிற சந்திப்பு அவர்களுக்குப் பொருந்தும். இருபதுக்கு உட்பட்டவர்களோடு எந்தப் பெரியவரும் தனி அறையில் தனியே இருக்கவேண்டாம், எப்போதும் இரண்டு பேர்.

ஹெரோயின் பாவித்தவர் யாராவது பின்னால் சேர்ந்தால் ஒன்றை அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லுங்கள். சில கிழமை விட்டுவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தோ நிலையத்திலிருந்தோ வந்த முதல் கிழமைகளில்தான் சாவுகள் நடப்பது.

---

வலைக்காரன் பதில்:

நாள், நேரம் பற்றிச் சொல்லலாம். இரவுத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஏழு மணிக் கூட்டம் சரிவராது. பின்னேரம் 4 மணிக்கு வையுங்கள், ஐந்தரைக்கு முடியட்டும். மீன் விற்ற பங்குக் காசு கையில் வருகிற நாள் எதுவோ அந்த நாளையே கூட்ட நாளாக்குங்கள். கரைக்கு வந்து, மீனை விற்று, காசைப் பிரிக்கிற அந்த ஒரு மணித்தியாலம்தான் மிகவும் கஷ்டமானது. முடிந்தால் குழுவில் ஒருவர் அந்த நேரம் கரையில் நிற்கவேண்டும். அவர் சம்மதித்தால், முதலாளியோடு பேசிக் காசில் பெரும்பங்கை மனைவியின் கணக்கில் போடச் செய்யலாம். அவருக்குத் தெரியாமல் ஒழுங்குபண்ணாதீர்கள். நம்பிக்கை போய்விடும்.

பௌர்ணமி நாளில் பார் பூட்டு என்று ஆறுதல் அடையவேண்டாம். முதல் நாளே வாங்கி வைப்பார்கள், இல்லாவிட்டால் கசிப்பு ஓடும். செத்த வீட்டு எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள், திருவிழா முடிந்த இரவு, கலியாணம், இவையும் அப்படித்தான். போகவேண்டி வந்தால் குழுவில் ஒருவரோடு சேர்ந்து போய், சாப்பாடு முடிந்ததும் ஒன்றாக வெளிக்கிடட்டும்.

எங்கள் கடலுக்கு வாடைக்காற்று தொடங்கினால், கார்த்திகை முதல் தை வரை, கன நாள் வள்ளம் இறங்காது. தொழில் இல்லை, காசு இல்லை, கரையில் உள்ள வாடிக் கொட்டிலில் சும்மா இருப்பு, மழை. அந்த மாதங்களில் வாரம் ஒரு கூட்டம் காணாது, இரண்டோ மூன்றோ வையுங்கள். வலை பொத்துகிற வேலையை ஆலய வளவிலேயே சேர்ந்து செய்யலாம். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

கடன் கொடுக்காதீர்கள். குழுவுக்குள் யாரும் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை என்று விதி வையுங்கள். வாங்கினவர் திருப்பிக் கொடுக்க முடியாமல் கூட்டத்துக்கு வருவதை விட்டுவிடுவார்.

வழுக்கி விழுந்தவரிடம் "ஏன் குடித்தாய்" என்று கேட்டால் பதில் வராது. எத்தனை மணிக்கு, எங்கே, யார் கூட, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அன்றைக்குச் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலில் ஒன்று அநேகமாக இருக்கும். எழுதி வைத்தால் மூன்றாம் தடவை அவருக்கே பாதை தெரியும்.

---

உப்புவெளிக்கரை:

கடைசியாக ஒன்று. நற்கருணைத் திராட்சரசம் பற்றிக் குடியை விட்டவர் ஒருவர் பயத்தோடு கேட்டார். மற்றது, உதவுகிற எங்களுக்கும் எல்லை வேண்டும் போலிருக்கிறது. இப்போதே ஒருவர் இரவு இரண்டு மணிக்கு எடுக்கிறார்.

---

மூதூர் மறையாசிரியர் பதில்:

இரண்டாவதை முதலில். கலாத்தியர் 6:2 ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது, அதே அதிகாரம் ஐந்தாம் வசனம் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் நிற்கவேண்டும். முதலாம் வசனம் உதவுகிறவரைப் பார்த்தே, "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்கிறது. ஒருவருக்கு இரண்டு துணையாளர், போனுக்கு ஆள்மாறி முறை, இரவு பத்துக்குப் பிறகு உயிராபத்துக்கு மட்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். ஒருவரையும் உங்கள் வீட்டில் தங்கவைக்காதீர்கள். மாதம் ஒரு முறை துணையாளர்கள் மட்டும் கூடி, பாதரையோ உளவளத்துணையாளரையோ வைத்துப் பேசுங்கள். நல்ல சமாரியன் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், பிறகு சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து ஒப்படைத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான், திரும்பி வருவேன் என்றும் சொன்னான். ஒப்படைப்பதும் அன்புதான். மீண்டவர் ஒருவர் துணையாளராக வர விரும்பினால் நல்லது, ஒரு வருடம் நிலைத்த பிறகு வரட்டும்.

நற்கருணை: கத்தோலிக்கருக்கு அப்பத்தின் வடிவில் மட்டும் பெற்றாலே கிறிஸ்துவை முழுமையாகப் பெற்றதாகும், எதுவும் குறையாது. அப்பத்தை இரசத்தில் தோய்த்துக் கொடுக்கிற நாட்களில்தான் கவனம். பூசைக்கு முன்பே பாதரிடம் சொல்லிவைத்தால் தோய்க்காத அப்பம் கொடுப்பார். மெதடிஸ்த சபைகளில் புளிக்காத திராட்சைச் சாறு பாவிக்கிற வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. உங்கள் பக்கத்துச் சபையில் எது என்று போதகரிடம் நேரே கேளுங்கள். டைசல்பிராம் போடுகிறவர் ஒரு துளி இரசத்தையும் தொடவேண்டாம். பயத்தோடு கேட்டவரைப் பாதரிடம் தனியே கூட்டிப்போங்கள், வரிசையில் நின்று எல்லார் முன்னாலும் மறுக்கவேண்டிய நிலை அவருக்கு வரக்கூடாது.

மார்கழியும் கிட்டுகிறது. வீட்டில் காய்ச்சுகிற வைன், பிறண்டியில் ஊறவைத்த பழம் போட்ட கிறிஸ்மஸ் கேக் இரண்டும் எல்லா வீட்டு மேசையிலும் வரும். குழுவில் உள்ளவர்களின் வீடுகளுக்குப் போகிற கேக்கைப் பழச்சாற்றில் ஊறவைத்துச் செய்யும்படி மாதர் சங்கத்திடம் இப்போதே சொல்லிவையுங்கள், பழம் ஊறப்போடுகிற நேரம் இதுதான்.